பத்தில் மூன்று

கேலரிகளில் ஒரு போட்டோ பிரிண்டின் கீழோரம் பென்சிலால் 3/10 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்துக்கு மூன்று மார்க் என்று நினைத்துக்கொண்டால் பெரிய தப்பில்லை. சில படங்களுக்கு அது நியாயமான மார்க்தான். ஆனால் அர்த்தம் வேறு. இந்தப் படத்தை மொத்தம் பத்து பிரிண்ட்தான் போடுவேன், இது அதில் மூன்றாவது, பதினோராவது சத்தியமாகக் கிடையாது என்று போட்டோகிராபர் கொடுக்கும் வாக்குறுதி அது. 'எடிஷன்' என்பார்கள். முதல் இரண்டு மூன்று விற்றதும் மிச்சத்தின் விலை ஏறும். பெரும்பாலும் கடைசிப் பிரிண்டுக்குத்தான் அதிக விலை. இத்தனைக்கும் பத்துப் படங்களிலும் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இருக்காது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டால்பட் என்ற ஆங்கிலேயர் 1841-ல் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு நெகடிவ் எடுத்துவிட்டால் அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். போட்டோ உலகத்தைப் பிடித்ததே இந்த 'எத்தனை வேண்டுமானாலும்' என்ற ஒரு குணத்தால்தான். அந்தக் குணத்தைக் கழுத்தைப் பிடித்து நெரித்து, பத்தோடு நிறுத்தினால்தான் அது கலை, அப்போதுதான் காசு என்கிறது சந்தை. குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரை மூடி வைத்துவிட்டு டம்ளர் கணக்கில் விற்பது மாதிரி.

காஞ்சிபுரத்தில் தறி போடுகிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகளைக் கோர்த்துவிட்டால் அதே மயில், அதே சக்கரம் எத்தனை புடவைக்கு வேண்டுமானாலும் விழும். ஒவ்வொரு புடவைக்கும் நாள்கணக்கில் அவர் உட்கார்ந்து நெய்தாக வேண்டும். ஆனாலும் அவர் முந்தானையில் 3/10 என்று எழுதுவதில்லை. அதை எழுதாமலே வாயால் சொல்வது கடைக்காரர்: "இந்த டிசைன் ஒரே ஒரு பீஸ்தாம்மா, விட்டா கிடைக்காது!" கேலரிக்காரர் செய்வதும் இதேதான். அவர் அதை ஆங்கிலத்தில், மெதுவான குரலில், ஏ.சி. அறையில் சொல்கிறார்.

குரல்தான் மெதுவே தவிர, தொகை மெது இல்லை. 2011 நவம்பரில் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி என்ற ஜெர்மானியர் எடுத்த ரைன் நதியின் படம் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போயிற்று. பச்சைப் புல், சாம்பல் நதி, மறுபடி பச்சைப் புல், மேலே வானம். அவ்வளவுதான் படம். 2022 மே மாதம் மான் ரேயின் பழைய படம் ஒன்று, முதுகில் வயலினின் துவாரங்கள் வரைந்த பெண்ணின் படம், 1 கோடியே 24 லட்சம் டாலருக்குப் போனது.

இந்த ஆட்டத்தை உள்ளே இருந்தே கேள்வி கேட்ட போட்டோகிராபர்கள் சிலர் உண்டு. அவர்களுடைய படங்கள் பற்றித்தான் இந்த வாரம். அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்பதும் கூடவே.

*

லூயிஸ் லாலர் 1947-ல் பிறந்த அமெரிக்கர். இவர் மற்றவர்களின் கலைப்பொருள்களைப் போட்டோ எடுக்கிறவர். படைப்பை மட்டும் எடுக்க மாட்டார். அது எங்கே மாட்டியிருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து எடுப்பார். 1984-ல் கனெக்டிகட்டில் ஒரு பெரிய பணக்காரத் தம்பதி வீட்டில் எடுத்த படம் பிரசித்தம். சுவரில் ஜாக்சன் பொல்லாக்கின் ஓவியம். அதன் அடிப்பகுதி மட்டும் தெரிகிறது. அதன் கீழே பூவேலை செய்த பீங்கான் சூப் பாத்திரம். பொல்லாக்கின் சிதறல் வர்ணங்களும் பாத்திரத்தின் பூக்களும் ஒன்றுக்கொன்று ஜாடை. அமெரிக்க நவீன ஓவியத்தின் சிகரம் என்று புத்தகங்கள் சொல்லும் ஒரு வஸ்து, சாப்பாட்டு அறையில் பாத்திரத்துக்கு மேட்சிங்காக இருக்கிறது! ரவிக்கைக்கு மேட்சிங் பார்ப்பது போலத்தான். லாலர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நம்மைச் சிரிக்க விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

1988-ல் இன்னொன்று. ஆண்டி வாரோல் செய்த வட்டமான தங்க நிற மர்லின் மன்றோ ஏலக்கூடத்தில் மாட்டியிருக்கிறது. பக்கத்தில் ஏல எண்ணும் உத்தேச விலையும் போட்ட சீட்டு. அந்த போட்டோவுக்கு லாலர் வைத்த தலைப்பு: 'ஆண்டி வாரோல் உங்களை அழ வைக்கிறாரா?' அதே படத்தின் இன்னொரு பிரதிக்கு வேறு தலைப்பு: 'மர்லின் மன்றோ உங்களை அழ வைக்கிறாளா?' ஒரே படம்தான், லேபிள் மாறினால் பார்வை மாறிவிடுகிறது. ஓவியத்தைப் பார்ப்பதற்கு முன் பக்கத்துச் சீட்டைப் படிக்க ஓடும் நம் எல்லோருக்கும் இது ஒரு செல்லக் குட்டு.

இவருடைய குறும்புகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1982-ல் நியூயார்க் மெட்ரோ பிக்சர்ஸ் கேலரியில் செய்தது. அந்த கேலரியின் மற்ற ஓவியர்கள், போட்டோகிராபர்களின் படைப்புகளை எடுத்து ஒரு சுவரில் அடுக்கி வைத்தார். 'அடுக்கியவர் லூயிஸ் லாலர்' என்று போட்டார். மொத்தமாக வாங்கினால், எல்லாப் படங்களின் விலையோடு அடுக்கிய கூலி 10 சதவீதம் சேர்த்துத் தரவேண்டும். கமிஷன்! தரகர் கணக்கை அப்படியே சுவரில் மாட்டிவிட்டார்.

இதே மெட்ரோ பிக்சர்ஸில்தான் 1981-ல் ஷெர்ரி லெவின், வாக்கர் எவன்ஸ் 1936-ல் எடுத்த அலபாமா குத்தகை விவசாயிகளின் படங்களை ஒரு புத்தகத்திலிருந்து அப்படியே போட்டோ எடுத்துத் தன் படைப்பாக மாட்டினார். ரிச்சர்ட் பிரின்ஸ், மார்ல்பரோ சிகரெட் விளம்பரத்தின் கவ்பாய்களை எழுத்துகளை விட்டுவிட்டுப் படமெடுத்தார். யாருடைய படம், யாருக்குக் காசு என்ற கேள்வியைக் கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் பிரின்ஸின் கவ்பாய் ஒன்று 2005-ல் கிறிஸ்டீஸில் 12 லட்சம் டாலரைத் தாண்டி விற்றது. விளம்பரத்துக்காக அசல் படத்தை எடுத்தவர்களுக்கு அதில் பங்கு கிடையாது. கேள்வி கேட்டவரையே ஷோகேஸில் உட்கார வைத்துவிடும் சாமர்த்தியம் சந்தைக்கு உண்டு. லாலருக்கும் அதே கதி. 2017-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சியே நடத்தியது. எந்த வீடுகளைக் கேலி செய்தாரோ அதே மாதிரி வீடுகளில் அவர் படங்கள், ஒருவேளை அதே மாதிரி சூப் பாத்திரத்துக்கு மேலே.

*

நம் ஊருக்கு வருவோம்.

பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா என். சிற்பியாகப் பயிற்சி பெற்றவர். போட்டோவில் தானே வேஷம் கட்டிக்கொள்வார். 2000 முதல் 2004 வரை கிளேர் ஆர்னி என்ற போட்டோகிராபரோடு சேர்ந்து ஒரு வரிசை செய்தார். 'தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்: பழக்க வழக்கங்கள்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஆங்கிலேயர் காலத்து இனவரைவியல் புத்தகத்தின் தலைப்பு மாதிரி இருக்கிறதல்லவா? அதுதான் உத்தேசம்.

ரவிவர்மாவின் நிலவொளிப் பெண்ணாக, குளத்திலிருந்து குடத்தோடு திரும்புகிறவளாக, தாமரை மேல் நிற்கும் லட்சுமியாக, வேளாங்கண்ணி மாதாவாக புஷ்பமாலாவே நிற்கிறார். வரைந்த திரைச்சீலை, நகை, புடவை எல்லாம் மூலத்தைப் பார்த்து அச்சு அசலாக. எழுபதுகளின் தமிழ்ப் படமொன்றில் ஜெயலலிதா சாட்டை பிடித்து நின்ற ஸ்டில்லையும் விட்டுவைக்கவில்லை. பழங்குடிப் பெண்ணாகக் கட்டம் போட்ட திரைக்கு முன்னும் நிற்கிறார். அந்தமான் பழங்குடிகளை அளந்து பதிவு செய்ய வெள்ளைக்கார அதிகாரிகள் பயன்படுத்திய அதே கட்டம்.

முதலில் சிரிப்பு வரும். இரண்டாம் முறை பார்க்கும்போது சிரிப்பு நிற்கும். லட்சுமிக்கும் பழங்குடிப் பெண்ணுக்கும் சினிமா ஸ்டில்லுக்கும் முகம் ஒன்றே. நாம் மட்டும் ஒன்றைப் பார்த்தால் கும்பிடுகிறோம், ஒன்றை அளக்கிறோம், ஒன்றுக்கு விசில் அடிக்கிறோம். பெண்ணை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை பிரேமும் பின்திரையும் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டன என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. இந்த வரிசையில் இன்னொரு பகுதி உண்டு: திரை பிடிக்கிறவர், விளக்கு, ஸ்டூல், மேக்கப் எல்லாம் தெரிகிற மாதிரி எடுத்த தயாரிப்புப் படங்கள். மாஜிக் காட்டிவிட்டுத் தொப்பியையும் திருப்பிக் காட்டுகிற நேர்மை. எனக்கு மூலப் படங்களைவிட அவைதான் பிடிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்ததே லட்சுமியும் சரஸ்வதியும் எல்லார் வீட்டுக்கும் போகட்டும் என்றுதான். போனார்கள். கோவில்பட்டி சி.கொண்டையராஜு வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி, மளிகைக் கடைக்காரர் வருஷப் பிறப்புக்கு இலவசமாகக் கொடுக்கும் காலண்டரில் ஊர் ஊராகப் போனார்கள். அசல் ஓவியம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வருஷம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டு, சாமியை வெட்டி பிரேம் போட்டு மாட்டினோம். இந்த ஜனரஞ்சகப் படங்களை வைத்து விளையாடும் புஷ்பமாலாவின் பிரிண்ட்கள் மட்டும் எண் போட்டு, கேலரியில், சிலருக்கு. யாரைப் பற்றிய படமோ, அந்தத் தென்னிந்தியப் பெண்கள் அதிகம் பேர் பார்க்கவில்லை. காலண்டராக அடித்து விட்டிருந்தால் இந்தக் கேலி நாலு மடங்கு ஏறியிருக்கும்.

டயனிதா சிங் வேறு வழியில் போனார். 1961-ல் பிறந்த டெல்லிக்காரர். மாணவியாக இருந்தபோது தபலா மேதை ஜாகிர் உசேனைத் தொடர்ந்து படமெடுத்து, 1986-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். தான் போட்டோ மாட்டுகிறவள் இல்லை, போட்டோவால் புத்தகம் செய்கிறவள் என்பது அவர் கட்சி. 2008-ல் வந்த 'சென்ட் எ லெட்டர்' ஒரு துணிப் பெட்டி. உள்ளே ஏழு குட்டிப் புத்தகங்கள். ஒவ்வொன்றும் விசிறி மடிப்பு. பிரித்து மேஜைமேல் நிறுத்தினால் அதுவே ஒரு கண்காட்சி. கூடப் பயணம் போன நண்பர்களுக்குக் கடிதம் மாதிரி செய்து அனுப்பிய புத்தகங்களிலிருந்து பிறந்தது. ஏழில் ஒன்று நம் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை. இன்னொன்று அவர் அம்மா நோனி சிங் எடுத்த படங்கள். கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு நகைக்கடையின் கண்ணாடி அலமாரியில் இந்தப் புத்தகத்தைப் பிரித்து வைத்தார். நெக்லஸ் பார்க்க வந்தவர்கள் போட்டோ பார்த்துவிட்டுப் போனார்கள். கேலரி வேண்டாம், திறப்பு விழா வேண்டாம், ஒயின் வேண்டாம்.

அப்புறம் மரச்சட்டத்தில் மடக்கி விரிக்கும் 'மியூசியம்'கள் செய்தார். அதில் படங்களை நினைத்தபோது மாற்றி மாட்டலாம். 2014-ல் வந்த 'மியூசியம் ஆஃப் சான்ஸ்' புத்தகத்தில் 88 படங்கள். 88-ம் முன்னட்டையிலோ பின்னட்டையிலோ வரும்படி வேறு வேறு அட்டை. எந்த அட்டை கிடைக்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். அட்டையைச் சட்டத்தில் மாட்டினால் சுவரில் படம். எடுத்தால் கையில் புத்தகம். 2017-ல் 'மியூசியம் பவன்' என்று ஒரு பெட்டிக்குள் ஒன்பது குட்டி மியூசியங்கள். 2022-ல் ஹாசல்பிளாட் விருது அவருக்குக் கிடைத்தது.

நான் டயனிதா கட்சி. காரணம், அவர் புலம்பவில்லை. கேலரி சரியில்லை என்று கேலரியிலேயே படம் மாட்டிப் புகார் செய்யாமல், கையடக்கமாக வேறு ஒன்று செய்து கொடுத்தார். ஆனால் கணக்கு இவரையும் விடவில்லை. அச்சு தீர்ந்த புத்தகங்கள் பழைய புத்தகச் சந்தையில் அபூர்வப் பொருளாகிவிடுகின்றன. மர மியூசியங்களை நிஜ மியூசியங்கள் வாங்கி வைத்திருக்கின்றன. கதவைத் திறந்து காற்று வரட்டும் என்றார். அந்தக் கதவையே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

*

ஆக, போட்டோ எடுத்து இந்தச் சந்தையைக் கேள்வி கேட்கவே முடியாதா? முடியும் என்று நினைக்கிறேன். அதற்கு நாம் கேலரியை விட்டுவிட்டுக் கூரத்துக்குப் போகவேண்டும்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். வைணவர்களுக்குக் கூரத்தாழ்வானின் ஊர். ராமானுஜரின் சீடர். பெரும் செல்வத்தைத் துறந்து ஸ்ரீரங்கத்துக்கு நடந்து போகிறார். காட்டு வழியில் மனைவி ஆண்டாள், "பயமில்லையே?" என்று கேட்கிறாள். "மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?" என்கிறார். அந்த அம்மாள் கணவர் தண்ணீர் குடிப்பதற்கென்று ஒரு தங்க வட்டிலை மட்டும் எடுத்து வந்திருந்தாள். வாங்கி வீசிவிட்டார் என்பது கதை. கலைப்பொருளைச் சேகரிப்பவர்கள் அனைவரும் அறிய வேண்டிய கதை. ஜெனீவாவில் சுங்கவரி இல்லாத கிடங்குகளில் கோடிக்கணக்கான டாலர் பெறுமான கலைப்பொருள்கள் இருட்டில் பெட்டிக்குள் கிடக்கின்றன. பார்க்க ஆளில்லை. மடியில் கனம் மட்டும்.

கூரத்தில் ஒரு சிவன் கோயிலும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் என்ற பல்லவன் எடுத்தது. தமிழ்நாட்டில் கல்லால் கட்டிய கோயில்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. அவன் கொடுத்த செப்பேடுகள் கூரத்தில் கிடைத்தன. ஹூல்ட்ஷ் 1890-ல் பதிப்பித்தார். அதில் ஒரு விஷயம் பாருங்கள். கோயிலுக்கு விட்ட நிலத்தின் பங்குகளில் ஒன்று, மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்கும். இன்னொன்று, அங்கே பாரதம் வாசிப்பவருக்கு. கலை இருந்தால் போதாது, அதை ஜனங்கள் அனுபவிக்க ஓர் இடம், குடிக்கத் தண்ணீர், வெளிச்சம், வாசித்துச் சொல்ல ஒரு ஆள், அவருக்குச் சம்பளம் எல்லாம் வேண்டும் என்று 1,300 வருஷத்துக்கு முன் ஒருவன் யோசித்திருக்கிறான். கலையை எப்படிக் காட்டுவது என்பதற்கு இதைவிட நல்ல பட்ஜெட்டை நான் படித்ததில்லை.

கூரத்து நடராஜர் இன்று கூரத்தில் இல்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டார். வழக்கமான தில்லைத் தாண்டவம் இல்லை; முழங்காலை உயர்த்தி ஆடும் ஊர்த்துவஜாநு. பல்லவர் காலத்தது என்பார்கள், பழைய நடராஜர் திருமேனிகளில் ஒன்று. அங்கே அவருக்குக் கண்ணாடி, விளக்கு, சின்ன லேபிள். கோயிலில் இருந்தால் பட்டு கட்டி, மாலை போட்டு, நமக்கு முகமும் ஒரு கையும்தான் தெரியும். தூக்கிய முழங்காலின் அழகு தெரியவே தெரியாது. மியூசியத்தில் முழு உடம்பும் தெரிகிறது. ஆனால் கற்பூரம் இல்லை, "நகருங்க, நகருங்க" இல்லை. எது நிஜப் பார்வை என்று என்னைக் கேட்டால் இரண்டும்தான். ஒவ்வொன்றிலும் பாதி.

மூன்றாவதாக ஒரு பார்வை உண்டு. விற்பனைக் கேட்டலாக். சாம்பல் நிறப் பின்னணி, பக்கவாட்டு விளக்கு, நிழலே இல்லை. கீழே உயரம், நூற்றாண்டு, 'தனியார் சேகரிப்பிலிருந்து' என்று ஒரு வரி. ஊர்ப் பெயர் இருக்காது. அந்தச் சாம்பல் பின்னணியை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். படத்திலிருந்து மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்தால் ஊரையும் துடைத்துவிடலாம். 1995-ல் ஜெனீவா கிடங்கில் ஜியாகோமோ மெடிச்சி என்ற இத்தாலிய வியாபாரியின் அறையில் போலீஸ் நுழைந்தபோது ஆயிரக்கணக்கான போலராய்டு படங்கள் கிடைத்தன. தோண்டியெடுத்த மண் அப்படியே ஒட்டியிருக்கும் பானைகள், சிலைகள். கேட்டலாக்கில் வருவதற்கு முந்தைய முகம். அந்தப் படங்களே அவருக்கு எதிரான சாட்சி ஆயின.

நம்மிடம் இதைவிடப் பெரிய கதை இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான். சோழர் காலச் சிவன் கோயில், பூட்டிக் கிடந்தது. நடராஜர் திருட்டுப் போனதே ஊருக்கு 2008 ஆகஸ்டில்தான் தெரியும். அதற்குள், அதே ஆண்டின் ஆரம்பத்தில், ஆஸ்திரேலியாவின் தேசிய கேலரி அவரைச் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியாகிவிட்டது. விற்றவர் மன்ஹாட்டனில் கேலரி வைத்திருந்த சுபாஷ் கபூர். எழுபதுகளின் தொடக்கத்திலேயே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காட்டும் காகிதமும் கூடவே. 1972-ல்தான் நம் தொல்பொருள் சட்டம் வந்தது என்பதைக் கவனியுங்கள். பொய்க்கும் தேதி பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

இந்தக் காகிதத்தைக் கிழித்தது ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. ஐம்பதுகளிலிருந்து அவர்கள் ஆட்கள் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்து வைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் ஸ்ரீபுரந்தான் நடராஜரும் இருந்தார், 1994-ல் கோயிலில் எடுத்தபடி. எழுபதுகளில் வெளிநாடு போனவர் 94-ல் எப்படி ஸ்ரீபுரந்தானில் போஸ் கொடுத்தார்? பதில் இல்லை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் டெல்லிக்கு வந்தபோது நடராஜரைத் திருப்பிக் கொடுத்தார். கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைதாகி, இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்தில் பத்தாண்டு தண்டனை பெற்றார்.

அந்த 1994 பிரிண்டைக் கொஞ்சம் விமரிசகன் கண்ணோடு பார்க்கலாம். கலையழகு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விளக்கமைப்புக் கிடையாது. பென்சிலில் எண் கிடையாது. ஏலத்துக்கு வந்தால் அதற்கு என்ன விலை போட்டிருப்பார்கள்? பிரேமுக்குக்கூடத் தேறாது. ஆனால் கலை எப்படி விற்கப்படுகிறது, எப்படிக் காட்சிக்கு வைக்கப்படுகிறது என்று லாலர் நாற்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டே கேட்ட கேள்வியை இந்தப் படம் ஒரே அடியில் கேட்டது. கேட்டதோடு நிற்காமல் பதிலையும் வாங்கியது. மியூசியச் சுவரிலிருந்து சிலை இறங்கி வந்தது.

ஏன் லாலருக்கு முடியாதது இதற்கு முடிந்தது? எனக்குத் தோன்றும் காரணம் சாதாரணமானது. லாலரின் படத்தில் ஒரு புத்திசாலி நபரின் பார்வை இருக்கிறது, அதை வாங்கலாம். ஸ்ரீபுரந்தான் படத்தில் இருப்பது ஒரு ஊரும் ஒரு தேதியும். அதை வாங்கி என்ன செய்வது? அதற்கு மதிப்பு, எத்தனை பேர் கையில் பிரதி இருக்கிறதோ அத்தனைக்கு ஏறும். எடிஷன் கணக்குக்கு நேர் தலைகீழ். பத்தோடு நிறுத்தினால் அந்தப் படம் செத்துப்போகும்.

இதற்காக லாலரும் புஷ்பமாலாவும் டயனிதாவும் வீண் என்று சொல்ல வரவில்லை. சாம்பல் பின்னணியைச் சந்தேகப்படவும், லேபிளை நம்பாமல் இருக்கவும், சுவருக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்று கேட்கவும் அவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் படங்களைப் பார்க்காதவனுக்கு, ஒரு சோழச் சிலை கான்பெராவில் நின்றால் "ஆஹா" மட்டும்தான் தோன்றும். பார்த்தவனுக்கு "எப்படி வந்தது?" என்றும் தோன்றும். இந்த இரண்டாவது கேள்விதான் கலை ரசனையின் பாதி. அதைப் பரவலாக்க நல்ல முயற்சிகளும் நடக்கின்றன. 2016-ல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலே பூங்காவிலும் ரயில் நிலையத்திலும் படங்களை வைத்தது. 2019-ல் அதன் கலை இயக்குநராக இருந்தவர் இதே புஷ்பமாலாதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் கதவைத் திறந்து படங்கள் மாட்டினார்கள். டிக்கெட் வாங்காமல் போட்டோ பார்த்தவர்கள் அதிகம். பல்லவன் ஒதுக்கிய அந்த ஒரு பங்கு மாதிரி.

இன்னும் ஒரு சங்கடம் சொல்ல வேண்டும். ஸ்ரீபுரந்தான் நடராஜர் திரும்பி வந்தாரே தவிர, ஊர்க் கோயிலுக்குப் போய்ச் சேரவில்லை. கும்பகோணம் திருமேனிப் பாதுகாப்பு மையத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பத்திரமாக, பூட்டி. ஜெனீவாவாக இருந்தால் என்ன, கும்பகோணமாக இருந்தால் என்ன, சிலைக்குப் பூட்டு பூட்டுதான். திருட்டு பயம் நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர், நெருப்பு, வாசிக்க ஒரு ஆள் என்ற கூரத்துக் கணக்கில் இது எங்கே வருகிறது என்று யாராவது கேட்க வேண்டும். பூட்டிய அறையின் சாவிக்கு ஒரு பங்கு ஒதுக்குகிறோம். பார்க்க வருபவனுக்கு எதுவும் இல்லை.

நீங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அடுத்த முறை ஊர்த் திருவிழாவில் சுவாமி வெளியே எழுந்தருளும்போது, எல்லாரும் செல்போனைத் தூக்கும்போது, நீங்களும் எடுங்கள். சன்னதிக்குள் எடுக்கக் கூடாது, வீதியில் தடையில்லை. அலங்காரத்தோடு ஒன்று, முடிந்தால் பீடம் தெரிய ஒன்று. அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. பக்கத்து டவுன் ஸ்டுடியோவில் பிரிண்ட் போடுங்கள். செல்போன் தொலைந்து போகும், பிரிண்ட் பீரோவில் இருக்கும். பின்பக்கம் பென்சிலால் ஊர்ப் பெயர், கோயில் பெயர், தேதி எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

3/10 என்று மட்டும் எழுத வேண்டாம்.